அறிவிக்கப்படாத போரின் காரணங்கள்

இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும் இடையே 1585 முதல் 1604 வரை நீடித்த போரை இரு நாடுகளில் எதுவும் முறைப்படி அறிவிக்கவில்லை. ஆர்மடா என்று உலகம் அறிந்த ஏறத்தாழ 130 கப்பல்களின் படையெடுப்பும், காடிஸ் துறைமுகத்தின் மீதான தாக்குதல்களும், அயர்லாந்தின் கின்சேல் முற்றுகையும் நடந்தேறிய அந்தக் காலத்துக்கு, பகை இந்த நாளில் தொடங்கியது என்று சுட்டிக்காட்ட ஓர் அரசாணை கிடையாது. ஆகவே போரின் காரணங்கள் என்ற கேள்வி இங்கே வழக்கத்தைவிடச் சிக்கலாகிறது. 1568, 1572, 1580, 1585 என ஒவ்வோர் ஆண்டையும் தொடக்கமாகக் கொண்ட ஆய்வாளர்கள் உண்டு. தொடக்கத்தை எங்கே நிறுத்துகிறார்களோ அதைப் பொறுத்துக் காரணமும் இடம் மாறுகிறது. விக்டோரியா காலத்து ஆங்கில வரலாற்றாசிரியரான ஃப்ரூட் மதத்தையும் கடலோடிகளின் துணிவையும் முன்னிறுத்தினார். இருபதாம் நூற்றாண்டில் வெர்ன்ஹாம் ஐரோப்பிய வல்லரசுகளின் சமநிலையைப் பார்த்தார். ஜெஃப்ரி பார்க்கர், தன் நாட்டின் நலனும் இறைவனின் நோக்கமும் ஒன்றே என நம்பிய இரண்டாம் பிலிப்பின் மனநிலைக்கு அழுத்தம் தந்தார். இவற்றில் எதையும் தள்ளிவிட முடியாது. ஆனாலும் எலிசபெத் அரியணை ஏறிய 1558 முதல் 1585 வரையிலான முன்கதையை ஒரு தொடராக வாசிக்கும்போது வேறொன்று கண்ணில் படுகிறது. ஏறக்குறைய அந்தக் காலம் முழுவதும் இரு அரசர்களுமே போரை விரும்பவில்லை. போருக்குப் போகாமல் தத்தம் காரியத்தைச் சாதித்துக்கொள்ள அவர்கள் கையாண்ட உபாயங்களே காலப்போக்கில் போருக்கான காரணங்களாகத் திரண்டன.

இப்பகை தொன்மையானதன்று. 1489இல் மெதினா தெல் காம்போ உடன்படிக்கையின் வழியே ஏழாம் ஹென்றியும் ஸ்பெயினின் ஃபெர்டினாண்ட், இசபெல்லா இணையரும் உறவாளிகளானபோது, அவ்வுறவுக்கு அடிப்படையாக இருந்தது பிரான்சு குறித்த பொது அச்சம். அதன் விளைவாக இங்கிலாந்துக்கு மணமகளாக வந்த அரகானின் கேதரீனை எட்டாம் ஹென்றி விலக்க முற்பட்டதும், போப்பாண்டவரின் இசைவு கிடைக்காத நிலையில் 1534இல் இங்கிலாந்துத் திருச்சபையை ரோமிலிருந்து பிரித்ததும் நன்கறியப்பட்டவை. அந்த அவமதிப்புக்குப் பிறகும் உறவு அறுந்துபோகவில்லை. கேதரீனின் மகள் மேரி 1554இல் வின்செஸ்டரில் பிலிப்பை மணந்தபோது அது உச்சத்தையே தொட்டது. பின்னாளில் ஆர்மடாவை அனுப்பிய மன்னர் நான்காண்டுகள் இங்கிலாந்தின் அரசர் என்ற பட்டத்தைத் தாங்கியவர் என்பதை ஆங்கிலப் பாடநூல்கள் அவசரமாகக் கடந்துவிடுகின்றன. மேரி மகப்பேறின்றி 1558 நவம்பரில் இறந்ததும், அவருடைய தங்கை எலிசபெத்தை மணந்துகொள்ளவும் பிலிப் முன்வந்தார். அது நடக்கவில்லை என்றாலும், 1560களில் எலிசபெத்தைத் திருச்சபையிலிருந்து விலக்க ரோமில் எழுந்த பேச்சுகளைத் தடுத்தவர் பிலிப்பே. எலிசபெத் வீழ்ந்தால் அடுத்த உரிமையாளர் ஸ்காட்லாந்தின் மேரி ஸ்டூவர்ட். அவர் பிரெஞ்சு அரசவையில் வளர்ந்தவர், 1559 முதல் 1560 வரை பிரான்சின் அரசியாகவும் இருந்தவர். லண்டனில் பிரான்சின் கை ஓங்குவதைவிடச் சமயம் மாறிய ஓர் அரசி அங்கே இருப்பது மேல் என்பது உலகின் தலைசிறந்த கத்தோலிக்க மன்னரின் கணக்கு.

இந்தக் கணக்கைக் குலைத்தது இங்கிலாந்து செய்த எதுவும் அன்று, பிரான்சின் தளர்ச்சியே. 1562இல் அங்கே மூண்ட மதப்போர்கள் முப்பத்தாறு ஆண்டுகள் விட்டுவிட்டுத் தொடர்ந்தன. பொது எதிரி தன் வீட்டுச் சண்டையில் மூழ்கியபோது, அவனுக்கு அஞ்சிக் கைகோத்திருந்த இருவரும் ஒருவரையொருவர் உற்றுப் பார்க்கத் தொடங்கினர். பெரும் பகைகளின் காரணங்களைத் தேடும்போது நிகழ்ந்தவற்றையே எண்ணிப் பழகிய கண்ணுக்கு, இவ்வாறு ஒன்று இல்லாமற்போனதும் காரணமாகலாம் என்பது எளிதில் புலப்படுவதில்லை. ஸ்பெயினின் நெதர்லாந்து மாகாணங்களில் பெரும்படை வந்து இறங்கியபோதும், எதிர்க்கரையில் இருந்த இங்கிலாந்துக்கு முன்போலப் பாரிசைக் காட்டி மாட்ரிடை அடக்கும் வழி அடைபட்டுப்போயிற்று.

மதத்தின் பங்கை இந்தப் பின்னணியில் வைத்தே அளக்க வேண்டும். இரு நாட்டவருக்கும் சமயம் வெறும் போர்வையாக இருந்தது என்று சொல்வது அந்நூற்றாண்டை அறியாத பேச்சு. கருத்துக்காக எரிக்கப்பட்டவர்களும் தூக்கிலிடப்பட்டவர்களும் இரு பக்கமும் இருந்தனர். ஆயினும் சமய வேறுபாடு எலிசபெத் ஆட்சியின் முதல் நாளிலிருந்தே இருந்தது, போரோ கால் நூற்றாண்டு கழித்தே வந்தது. மதம் செய்தது வேறு: நடக்கும் ஒவ்வொன்றையும் ஒரு பெருஞ்சதியின் கண்ணியாக வாசிக்கும் பழக்கத்தை அது இரு அரசவைகளுக்கும் கற்றுக்கொடுத்தது. 1570இல் போப்பாண்டவர் ஐந்தாம் பயஸ் எலிசபெத்தைச் சபையிலிருந்து விலக்கி, குடிகள் அவருக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்று ஆணையிட்டபோது பிலிப்பைக் கலந்துகொள்ளவில்லை. அவர் அதை விரும்பவும் இல்லை. ஆனால் லண்டனில் அது ரோமும் மாட்ரிடும் சேர்ந்து தீட்டிய திட்டமாகவே தோன்றியது. அடுத்த ஆண்டு, எலிசபெத்தை அகற்றி மேரி ஸ்டூவர்ட்டை அரியணையில் அமர்த்தும் ரிடோல்ஃபி சதிக்குப் பிலிப் ஆதரவளித்தபோது அந்தத் தவறான ஐயம் ஓரளவு உண்மையாகிவிட்டது. அமைச்சர் வில்லியம் செசிலும், பின்னர் அவரைவிடத் தீவிரமாக வால்சிங்கமும், பரவிக் கிடந்த துண்டுத் துண்டான செய்திகளை ஒரே சரட்டில் கோத்தார்கள். ஸ்பானியத் தூதர்களும் அவ்வாறே செய்தனர். எல்லாக் கோவைகளும் பொய்யல்ல என்பதுதான் இதிலுள்ள இடர்ப்பாடு.

கடலுக்கு அப்பால் இருந்த சச்சரவு வேறு வகையானது. போப்பாண்டவரின் 1493ஆம் ஆண்டு ஆணைகளையும், கேப் வெர்டே தீவுகளுக்கு மேற்கே 370 லீக் தொலைவில் ஒரு கோடு கிழித்து ஸ்பெயினும் போர்த்துக்கலும் புதிய நிலங்களைப் பங்கிட்டுக்கொண்ட 1494ஆம் ஆண்டின் தோர்தெசில்லாஸ் உடன்படிக்கையையும் கொண்டு, அமெரிக்காவில் தான் உரிமை கோரிய நிலங்களில் பிறர் கால்வைக்கலாகாது என்றது ஸ்பெயின். 'இண்டீஸ்' என்று அக்காலத்தில் பெயர்பெற்ற அந்நிலங்களின் வணிகம் 1503இல் செவில் நகரில் நிறுவப்பட்ட வணிக இல்லம் என்ற அரசு அலுவலகத்தின் வழியாக மட்டுமே நடக்க வேண்டும். சரக்கும் ஆளும் அங்கே பதிவாக வேண்டும். கப்பல்கள் காவலுடன் கூட்டமாகவே செல்ல வேண்டும். 1545இல் பொட்டோசியில் வெள்ளி மலை கண்டறியப்பட்டு, பாதரசத்தைக் கொண்டு கனிமத்திலிருந்து வெள்ளியைப் பிரிக்கும் முறையும் பரவிய பின்னர், இந்த ஏற்பாடு ஸ்பானியப் பேரரசின் குருதியோட்டமாயிற்று. வெளியாள் ஒருவனை உள்ளே விட்டாலும் படைகளுக்கான ஊதியத்தையும் வங்கியாளர்களின் நம்பிக்கையையும் தாங்கிய அடித்தளம் ஆட்டங்காணும் என்று மாட்ரிட் அஞ்சியதில் நியாயம் உண்டு. இங்கிலாந்தின் பதிலோ, தான் கையெழுத்திடாத பங்கீடு தன்னைக் கட்டுப்படுத்தாது என்பது. 1559இல் பிரான்சும் ஸ்பெயினும் சமாதானம் செய்துகொண்டபோது இதே கேள்வி எழுந்து, ஒரு குறிப்பிட்ட எல்லைக்கு அப்பால் நடக்கும் வன்முறை ஐரோப்பிய அமைதியை மீறியதாகக் கருதப்படாது என்று வாய்மொழியாக ஒரு புரிதல் ஏற்பட்டதாகச் சொல்லப்படுகிறது. எழுத்தில் வைக்க முடியாததைப் பேச்சளவில் நிறுத்திக்கொள்ளும் இந்த வழக்கம், தீர்க்க வேண்டியதை ஒதுக்கிவைக்கும் கலையாக அந்நூற்றாண்டு முழுவதும் வளர்ந்தது.

ஜான் ஹாக்கின்ஸின் பயணங்கள் இந்த இருள்மறைவில் நிகழ்ந்தவை. பிளிமத் நகர வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த அவர் 1562இல் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மக்களை வலிந்து பிடித்தும், போர்த்துக்கீசியக் கப்பல்களிலிருந்து பறித்தும், கரீபியனின் ஹிஸ்பானியோலா தீவில் அடிமைகளாக விற்றார். தாம் செய்வது முறையான வணிகம் என்று காட்டிக்கொள்ள அவர் சுங்கமும் செலுத்தினார். ஈட்டிய தோல்களில் ஒரு பகுதியைச் செவில்லுக்கே அனுப்பிவைத்தார், அது பறிமுதலாயிற்று. இரண்டாம் பயணத்துக்கும் மூன்றாம் பயணத்துக்கும் அரசியே 'ஜீசஸ் ஆஃப் லூபெக்' என்ற பழைய பெருங்கப்பலைத் தந்து பங்குதாரரானார். ஆள்பற்றாக்குறையால் தவித்த ஸ்பானியக் குடியேறிகளுக்கு இந்தச் சரக்கு வேண்டியிருந்தது, சட்டமோ தடுத்தது. ஆகவே ஹாக்கின்ஸ் பீரங்கியைக் காட்டி மிரட்ட, உள்ளூர் அதிகாரிகள் பணிவதுபோல் பணிந்து விலைபேசும் நாடகங்கள் அரங்கேறின. மூன்றாம் பயணத்தின் முடிவில், 1568 செப்டம்பரில், சேதமுற்ற கப்பல்களுடன் மெக்சிகோக் கரையின் சான் ஹுவான் தே உலுவா துறைமுகத்தில் அவர் புகுந்திருந்தபோது, புதிய வைஸ்ராயான மார்டின் என்ரிக்கெஸை ஏற்றிவந்த ஸ்பானியக் கப்பற்கூட்டம் துறைமுகத்தின் வாயிலில் வந்து நின்றது. பிணையாட்களை மாற்றிக்கொண்டு ஓர் உடன்பாடு கண்டனர்; சில நாட்களில், செப்டம்பர் 23 அன்று, ஸ்பானியர் தாக்கினர். 'ஜீசஸ்' கைவிடப்பட்டது. ஹாக்கின்ஸ் இருந்த 'மினியனும்', இளைஞரான பிரான்சிஸ் டிரேக் தலைமையேற்ற 'ஜூடித்தும்' மட்டும் நாடு திரும்பின. உணவின்மையால் வழியில் கரையிறக்கப்பட்ட சுமார் நூறு மாலுமிகளில் பலர் பின்னர் மெக்சிகோவின் மதவிசாரணை மன்றத்தின் முன் நிறுத்தப்பட்டனர்.

வாக்குத் தவறிய ஸ்பானியர் என்ற குற்றச்சாட்டு இங்கிருந்தே ஆங்கில நினைவில் வேரூன்றுகிறது. ஹாக்கின்ஸ் 1569இல் வெளியிட்ட சிறுநூலும், டிரேக் வாழ்நாள் முழுவதும் சுமந்த வஞ்சினமும் அதை வளர்த்தன. வைஸ்ராயின் பார்வையில் நிகழ்ந்தது வேறு: அரசரின் துறைமுகத்தைக் கைப்பற்றி அமர்ந்திருந்த கடற்கொள்ளையரிடம் கட்டாயத்தின்பேரில் கொடுத்த வாக்கு செல்லாது. இரு தரப்பின் வாதமும் இன்றுவரை நூல்களில் எடைபோடப்படுகிறது. அந்தப் பயணத்தில் பிடிக்கப்பட்டு விற்கப்பட்ட நானூற்றுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களோ அந்தத் தராசில் எந்தத் தட்டிலும் ஏறுவதில்லை. ஹாக்கின்ஸுக்கு 1565இல் வழங்கப்பட்ட மரபுச் சின்னத்தின் உச்சியில் கட்டுண்ட ஓர் ஆப்பிரிக்கரின் உருவம் பொறிக்கப்பட்டிருந்தது. அமெரிக்கப் பழங்குடிகள் மீது ஸ்பானியர் இழைத்த கொடுமைகளைப் பற்றிப் பார்த்தொலொமே தே லாஸ் காசாஸ் எழுதிய நூல் 1583இல் ஆங்கிலத்தில் வெளிவந்து பரபரப்பாக வாசிக்கப்பட்டபோது, அந்த வாசகர்களுக்கு இச்சின்னம் உறுத்தியதாகத் தெரியவில்லை. பகையை வளர்த்த இலக்கியத்தில் பாதி, எதிரியின் பாவங்களைப் பற்றிய உண்மைகளால் ஆனது.

அதே 1568 இன்னொரு விதத்திலும் திருப்பத்தைத் தந்தது. நெதர்லாந்தில் 1566இல் கால்வினியர்கள் கோயில் உருவங்களை உடைத்தெறிந்த கலவரத்துக்குப் பின், அதை ஒடுக்கப் பிலிப் அனுப்பிய ஆல்பா கோமகன் 1567 முதல் பெரும்படையுடன் அங்கே இருந்தார். அப்படைக்கு ஊதியம் தர ஜெனோவா வங்கியாளர்கள் அனுப்பிய பணத்தை ஏற்றிவந்த கப்பல்கள், 1568 நவம்பரில் கொள்ளையருக்கு அஞ்சித் தென் இங்கிலாந்துத் துறைமுகங்களில் ஒதுங்கின. ஆண்ட்வெர்ப்பில் ஒப்படைக்கும்வரை அப்பணம் சட்டப்படி வங்கியாளர்களுடையதே என்பதை அறிந்துகொண்ட எலிசபெத், அந்தக் கடனைத் தாமே வாங்கிக்கொள்ளத் தீர்மானித்தார். இது திருட்டன்று, வட்டி உண்டு; எனினும் படைவீரர்களின் கூலி போய்ச்சேரவில்லை. ஹாக்கின்ஸுக்கு நேர்ந்த கதி பற்றிய வதந்தி பிளிமத்தை எட்டியதும் அந்த டிசம்பரிலேதான். புதிதாக வந்திருந்த ஸ்பானியத் தூதர் கெராவ் தே எஸ்பெஸ், நிலைமையை ஆராயுமுன்னரே, பதிலடி கொடுக்குமாறு ஆல்பாவுக்கு எழுதினார். ஆல்பா நெதர்லாந்திலிருந்த ஆங்கிலேயரையும் அவர்கள் சரக்கையும் முடக்கினார். எலிசபெத் தம் நாட்டிலிருந்த ஸ்பானியச் சொத்துகளை முடக்கினார். முடக்கப்பட்டவற்றின் மதிப்பு இங்கிலாந்தின் பக்கமே கூடுதலாக இருந்தது என்பது கணக்குப் பார்த்தபோது தெரிந்தது. கப்பலையும் சரக்கையும் துறைமுகத்திலேயே தடுத்துவைக்கும் இந்த நடவடிக்கை போருக்கு மாற்றாக, கோபத்தை அளந்து காட்டும் கருவியாகக் கருதப்பட்டது. 1574இல் பிரிஸ்டல் உடன்படிக்கை எல்லாவற்றையும் நேர்செய்தபோது அக்கருவி பயன்தந்ததாகவே தோன்றியது. ஆனால் அந்த இடைவெளியில் ஆங்கிலக் கம்பளித் துணி வணிகர் ஆண்ட்வெர்ப்பை விட்டு ஹாம்பர்க்குக்குப் போய்விட்டனர். இரு நாடுகளையும் நூறாண்டுகளாகப் பிணைத்திருந்த சந்தை முன்போல மீண்டும் கூடவில்லை.

நெதர்லாந்தே எல்லாவற்றுக்கும் நடுநாயகம் என்பதைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கின்றனர், அது சரியும்கூட. ஆங்கிலக் கடற்கரையிலிருந்து ஒருநாள் பயணத் தொலைவில், ஐரோப்பாவின் தேர்ந்த காலாட்படை நிலையாகத் தங்குவதை எந்த இங்கிலாந்து அரசும் பொறுக்காது. தம் பரம்பரை மாகாணங்களில் கலகக்காரர்களுக்கு அண்டைநாடு இடம் கொடுப்பதை எந்த ஸ்பானிய அரசும் பொறுக்காது. எலிசபெத் விரும்பியது விடுதலை பெற்ற நெதர்லாந்தை அன்று. அம்மாகாணங்கள் பெயரளவில் பிலிப்பின் கீழும், நடப்பில் தம் பழைய உரிமைகளுடன் ஸ்பானியப் படை இன்றியும் இருக்க வேண்டும். பிரான்சு உள்ளே புகவும் கூடாது. ஹாலந்தும் சீலாந்தும் தம் தலைமையையே அவருக்கு அளிக்க முன்வந்தபோது அவர் மறுத்தார். அரசருக்கு எதிரான குடிகளின் கலகம் என்பதே அவருக்கு அருவருப்பானது. 1572 மார்ச்சில், ஸ்பெயினைச் சமாதானப்படுத்தும் முயற்சியினூடே, 'கடல் இரவலர்' எனப்பட்ட டச்சுக் கலகக் கப்பற்காரர்களை அவர் தம் துறைமுகங்களிலிருந்து வெளியேற்றினார். ஒதுங்க இடமிழந்த அவர்கள் ஏப்ரல் 1 அன்று பிரில் நகரைப் பிடித்தனர். அணைந்துகொண்டிருந்த கலகம் மீண்டும் பற்றியெரியத் தொடங்கியது அங்கேதான். அமைதிக்காகச் செய்த ஒன்று போரை நெருங்கச் செய்த நிகழ்வுகளில் இதைவிடத் தெளிவானது வேறில்லை. இது எலிசபெத்தின் மறைமுகத் திட்டம் என்று ஸ்பானியர் சிலர் நம்பியதும் வியப்பில்லை. சதியை வாசித்துப் பழகியவர்களுக்குத் தற்செயல் என்ற ஒன்று கிடையாது.

1570களில் டிரேக்கின் எழுச்சி மறைப்பின் எல்லையைச் சோதித்தது. 1573இல் பனாமா நிலஇடுக்கில், ஸ்பானியரிடமிருந்து தப்பிக் காடுகளில் வாழ்ந்த சிமரோன்கள் எனப்படும் ஆப்பிரிக்கர்களின் துணையோடு, வெள்ளி சுமந்த கோவேறு கழுதைகளின் வரிசையை அவர் மடக்கினார். 1577 முதல் 1580 வரை உலகைச் சுற்றிவந்த பயணத்தில், பசிபிக் கடலில் அதுவரை காவலே தேவைப்படாத ஸ்பானியக் கப்பல்களைக் கொள்ளையிட்டார். பங்கு போட்டவர்களில் அரசியும் அமைச்சர்களும் இருந்தனர். ஆனால் அரசாணை என்று எழுத்தில் எதுவும் இல்லை. தூதர் பெர்னார்டினோ தே மெந்தோசா பொருளைத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொண்டிருந்தபோதே, 1581 ஏப்ரலில் டெப்ட்ஃபோர்டில் டிரேக்கின் கப்பலிலேயே அவருக்கு வீரத்திருத்தகைப் பட்டம் சூட்டப்பட்டது. மறுக்கும் வசதிக்காக ஏற்படுத்திக்கொண்ட தூரத்தை எலிசபெத் அன்று ஊரறிய அழித்தார். இந்தக் கொள்ளைப்பணம் அரசின் கடனை அடைத்து, மீந்தது லெவண்ட் கம்பெனியில் முதலீடாகி, அதன் ஆதாயமே பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விதையானது என்று பொருளியலாளர் கெய்ன்ஸ் 1930இல் எழுதினார். சென்னையில் 1639இல் கொடி நாட்டிய நிறுவனத்தின் பூர்வ மூலதனத்தைப் பெருவின் வெள்ளிவரை பின்தொடரும் இந்த வழி கவர்ச்சியானது, சற்றே வசதியானதும்கூட. பல சிறு ஓடைகளின் நீரை ஒரே ஊற்றுக்கு உரிமையாக்கும் எழுத்தாளரின் மகிழ்ச்சி அதில் தெரிகிறது.

போர்த்துக்கலின் இளம் மன்னர் செபாஸ்தியான் 1578இல் மொராக்கோப் போர்க்களத்தில் மடிந்து, வாரிசற்ற அந்நாடு 1580இல் பிலிப்பின் கைக்கு வந்தது எலிசபெத்தின் அச்சத்தை வேறு அளவுக்கு உயர்த்தியது. லிஸ்பன் என்ற அட்லாண்டிக் துறைமுகமும், பெருங்கடலுக்கு ஏற்ற போர்க்கப்பல்களும், பிரேசிலும் கோவாவும் மலாக்காவும் ஒரே மன்னருக்கு உரியவாயின; சாந்தோம், நாகப்பட்டினம், தூத்துக்குடி ஆகிய கரைகளிலிருந்த போர்த்துக்கீசியக் குடியிருப்புகளும் கொழும்புக் கோட்டையும்கூட 1640 வரை அவருடைய மரபின் நிழலில் இருந்தன, நிர்வாகம் தனியாகவே நடந்தாலும். இங்கிலாந்தின் மீது படையெடுக்கப் பிலிப்பின் கடற்படைத் தளபதி சாந்தா குரூஸ் முதன்முதலாகத் திட்டம் அளித்தது, அசோர்ஸ் தீவுகளில் போர்த்துக்கீசிய எதிர்ப்பை முறியடித்த வெற்றியின் சூட்டில், 1583இல்தான். பிலிப் அதைக் கிடப்பில் போட்டார். செலவு, தொலைவு, நெதர்லாந்து என்ற காரணங்களைச் சொன்னார். பொறுமை அவருடைய சுபாவம் என்பர். பணத்தட்டுப்பாடும் பொறுமையைக் கற்றுக்கொடுக்கும்.

அதன்பின் நிகழ்வுகள் விரைந்தன. 1584 ஜனவரியில், எலிசபெத்துக்கு எதிரான த்ராக்மார்டன் சதியில் உடந்தை என்று மெந்தோசா இங்கிலாந்திலிருந்து வெளியேற்றப்பட்டார். அந்தப் போர் முடியும்வரை ஸ்பானியத் தூதர் எவரும் லண்டனில் குடியமரவில்லை. ஜூனில் பிரெஞ்சு மன்னரின் தம்பி அஞ்சு கோமகன் இறந்ததால், சீர்திருத்தச் சமயத்தவரான நவாரின் ஹென்றி பிரான்சின் வாரிசானார். ஜூலையில் டச்சுக் கலகத்தின் தலைவர் ஆரஞ்சு வில்லியம் டெல்ஃப்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆண்டின் இறுதி நாளில், நவாரின் ஹென்றியைத் தடுக்க முனைந்த கீஸ் குடும்பத்தினருடன் பிலிப் ஜுவான்வில்லில் இரகசிய உடன்படிக்கை செய்தார். ஹென்றியின் வாரிசுரிமைக்கு எதிரான தற்காப்பு இது என்பது மாட்ரிடின் எண்ணம். பிரான்சின் கடற்கரையும் இனிப் பிலிப்பின் துறைமுகம் என்பது லண்டன் கொண்ட பொருள். ஆண்ட்வெர்ப்போ பிலிப்பின் தளபதியான பார்மா கோமகனின் முற்றுகையில் மூச்சுத்திணறிக்கொண்டிருந்தது.

இந்நிலையில் 1585 மே மாதம் பிலிப் தம் துறைமுகங்களிலிருந்த ஆங்கில, டச்சு, ஜெர்மானியக் கப்பல்களைப் பிடித்துவைக்க ஆணையிட்டார். முன்னர் பயன்தந்த அதே முடக்கும் கருவிதான் இது. பில்பாவோவில் 'பிரிம்ரோஸ்' என்ற லண்டன் கப்பலில் ஸ்பானிய நீதியதிகாரி ஒருவர் ஆட்களுடன் ஏறியபோது, மாலுமிகள் சண்டையிட்டு அவரையே கைதியாக்கிக்கொண்டு கப்பலைச் செலுத்திச் சென்றுவிட்டனர். அவரிடமிருந்த அரசாணையின் படியில் பிரெஞ்சுக் கப்பல்களுக்கு விலக்கு இருந்தது தெரியவந்தபோது, கத்தோலிக்கர் அல்லாதவர்களைக் குறிவைத்த முன்னேற்பாடு இது என்று லண்டன் முடிவுகட்டியது. பாதுகாப்பு வாக்குறுதியை நம்பித் தானியம் ஏற்றிவந்தவர்கள் தாங்கள் என்பது பிடிபட்ட வணிகரின் முறையீடு. இவர்களே இதுவரை இங்கிலாந்தில் அமைதியின் தரப்பாக இருந்தவர்கள்: செவில், சான்லூக்கர் வழியே ஒயினும் எண்ணெயும் இரும்பும் வாங்கித் துணி விற்று, டிரேக் போன்றோரின் வீரச்செயல்களால் தம் தொழில் கெடுகிறதென்று குறைபட்டவர்கள். இழப்புக்கு ஈடாக ஸ்பானியக் கப்பல்களைப் பிடித்துக்கொள்ள உரிமம் வழங்கும் பதிலடிச் சீட்டுகளை அரசு ஜூலையில் தாராளமாக அளித்தபோது, அவர்களில் பலர் கப்பல்களுக்குப் பீரங்கி பூட்டினர். 1589 முதல் 1591 வரையான மூன்றாண்டுகளில் மட்டும் 200க்கும் மேற்பட்ட ஆங்கிலக் கப்பல்கள் இவ்வாறு உரிமக் கொள்ளையில் ஈடுபட்டதை ஆய்வாளர் கென்னத் ஆண்ட்ரூஸ் திரட்டிக் காட்டியிருக்கிறார். அமைதியால் பிழைத்த ஒரு தரப்பைப் போரால் பிழைப்பவர்களாக மாற்றியது பிலிப்பின் ஓர் ஆணை. அடுத்த பத்தொன்பது ஆண்டுகளுக்குப் போரை முடிக்கவிடாமல் இழுத்ததில் இந்த மாற்றத்துக்குள்ள பங்கு, பேரரசர்களின் கனவுகளுக்கு உள்ளதைவிடக் குறைந்ததன்று.

ஆகஸ்டில் ஆண்ட்வெர்ப் வீழ்ந்தது. அதே மாதம் கையெழுத்தான நான்சச் உடன்படிக்கையின்படி, 6,400 காலாட்களையும் 1,000 குதிரை வீரர்களையும் டச்சுக்காரர்களுக்கு உதவியாக அனுப்ப எலிசபெத் ஒப்புக்கொண்டார். ஈடாக ஃபிளஷிங், பிரில் நகரங்கள் அவரிடம் பிணையாக ஒப்படைக்கப்பட்டன. அக்டோபரில் அவர் அச்சிட்டு வெளியிட்ட விளக்க அறிக்கை, லத்தீன், பிரெஞ்சு உட்படப் பல மொழிகளில் ஐரோப்பா எங்கும் பரப்பப்பட்டது. போர் அறிவிப்பாக அமைந்துவிடாதபடி மிகுந்த கவனத்தோடு எழுதப்பட்ட ஆவணம் அது: நெதர்லாந்து மக்களுடன் இருந்த பழைய உடன்படிக்கைகளையும், அந்நிய ஆளுநர்களால் அவர்கள் இழந்த உரிமைகளையும், தம் நாட்டின் பாதுகாப்பையும் பேசியது, நிலம் கவரும் எண்ணம் தமக்கில்லை என்றது. எலிசபெத்தின் பார்வையில் இது ஓர் அளவான அழுத்தம், பேச்சுவார்த்தைக்கான முன்னுரை. அதே நேரத்தில் டிரேக் ஸ்பெயினின் வீகோ கரையையே தொட்டுவிட்டு, சாந்தோ டொமிங்கோவையும் கார்டகேனாவையும் சூறையாடிப் பணயத்தொகை பெற்றார். சொந்த மண்ணில் இறங்கிய எதிரியைப் பற்றி 'அளவு' என்ற சொல்லைப் பிலிப் எப்படிப் புரிந்துகொள்வார் என்ற கேள்வி அந்தக் கவனமான ஆவணத்தை எழுதியவர்களுக்கு எழவில்லை. 1586இன் தொடக்கத்தில் படையெடுப்புக்கான திட்டங்களைப் பிலிப் கேட்டுப் பெறத் தொடங்கினார். பிடிவாதமான தயக்கக்காரர் ஒருவர் மனம் மாறும்போது வரும் வேகம், எப்போதும் துணிந்தவரின் வேகத்தைவிட அபாயமானது. அதன்பின் எந்தச் சமரசப் பேச்சும் அவரைத் திருப்பவில்லை. 1587 பிப்ரவரியில் மேரி ஸ்டூவர்ட்டின் தலை வெட்டப்பட்டதைப் போருக்கான காரணமாகச் சொல்வதுண்டு, ஆனால் கப்பல்கள் அதற்கு முன்பே கூடத் தொடங்கிவிட்டன. அந்த மரணம், வெற்றி கிட்டினால் பிரான்சின் உறவினள் ஒருத்தியை அரியணையில் அமர்த்த வேண்டியிருக்குமே என்ற பிலிப்பின் பழைய சங்கடத்தைத் தீர்த்துவைத்தது என்பதே பொருத்தம்.

பிலிப் 1598இலும் எலிசபெத் 1603இலும் மறைந்தபின், களைத்துப்போன இரு அரசுகளின் பிரதிநிதிகள் 1604 கோடையில் லண்டனின் சாமர்செட் மாளிகையில் கூடினர். மதம் அங்கே எளிதாகவே ஒதுங்கியது; நெதர்லாந்து பற்றி இழுபறிக்குப் பின் இரு தரப்புக்கும் பொறுக்கத்தக்க சொற்கள் கிடைத்தன. இண்டீஸ் மட்டும் தீரவில்லை. அங்கே ஆங்கிலேயர் வணிகம் செய்யலாகாது என்று எழுத வேண்டுமென்றனர் ஸ்பானியர். ஸ்பானியர் குடியேறாத இடங்களுக்குச் செல்லும் உரிமையை விடமுடியாது என்றனர் ஆங்கிலேயர். இறுதியில், போருக்கு முன் எங்கெல்லாம் வணிகம் நடந்ததோ அங்கெல்லாம் பழைய உடன்படிக்கைகளின் வழக்கப்படி நடக்கலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டனர். அந்தப் 'பழைய வழக்கத்தில்' இண்டீஸ் அடங்குமா என்பதை இரு தரப்பும் தத்தமக்கு ஏற்றவாறு பொருள்கொண்டு வீடு திரும்பின. மூன்றாண்டுகள் கழித்து வர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுன் எழுந்தபோது, லண்டனிலிருந்த ஸ்பானியத் தூதர் பெத்ரோ தே சூனிகா, அக்குடியேற்றம் வேர்விடுமுன் அதைப் பிடுங்கி எறிய வேண்டும் என்று மூன்றாம் பிலிப்புக்கு மடல்மேல் மடல் எழுதினார். புளோரிடாவிலிருந்து ஒரு வேவுக் கப்பல் அனுப்பப்பட்டது. தாக்குவதற்கான ஆணை பிறக்கவேயில்லை.